கூட்டுப் பட்டமா, ஒரு நாட்டுப் புலமைப்பரிசிலா? கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

போன ஞாயிறு தங்கச்சி வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள். பெரியம்மாவின் மகள். பொறியியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. இப்போது ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. நிலத்தடி நீர் பற்றி முதுமாணி படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. கையில் ஒரு கொப்பி. அதில் கட்டம் போட்டு, எந்த அரசாங்கம் மாதம் எவ்வளவு தரும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். "அக்கா, கூடக் காசு தாறதுக்கு முதல் போடட்டா?" என்று கேட்டாள்.

நான் 2022இல் எரஸ்மஸ் முண்டுஸ் உதவியில் போய், மூன்று நாடுகளில் இருந்து படித்து, 2024இல் திரும்பி வந்தவள். அதற்கு முதல் வருடம் பிரித்தானியாவுக்கு முயன்று கோட்டை விட்டவள். இரண்டையும் பார்த்த அனுபவத்தில் அவளுக்குச் சொன்னது இதுதான்: மாதத் தொகை கடைசியாகப் பார்க்க வேண்டியது. உன்னை யார் தெரிவு செய்கிறார்கள், படித்து முடிந்த பிறகு யாருக்குக் கட்டுப்பட்டிருப்பாய், கொண்டு வரும் பத்திரத்தை இங்கே யார் ஏற்பார்கள், இந்த மூன்றையும் முதலில் பார். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

கூட்டுப் பட்டம் என்றால் என்ன என்பதில் இங்கே நிறையக் குழப்பம் இருக்கிறது. எரஸ்மஸ் முண்டுஸ் 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய திட்டம். குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்கள் கூடி ஒரே முதுமாணிப் படிப்பை நடத்தும். மாணவர் தான் வசிக்கும் நாட்டைத் தவிர வேறு இரண்டு நாடுகளிலாவது படித்தே ஆக வேண்டும். முடிவில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பத்திரம் தரலாம், அல்லது ஒவ்வொன்றும் தன் பத்திரத்தைத் தனியாகத் தரலாம். எது கிடைக்கும் என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். உதாரணத்துக்கு, தங்கச்சியின் துறையிலேயே கிரவுண்ட்வாட்ச் என்றொரு படிப்பு உண்டு. லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் என்று மூன்று ஊர்கள். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடம் எதில் கெட்டியோ அதைப் படிக்கலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்து இதைப் பெற முடியாது. கூட்டுப் பட்டத்தின் உண்மையான பெறுமதி இதுதான். மூன்று ஊர் பார்க்கலாம் என்பதற்காக மட்டும் போகிறவர்கள் இரண்டாவது அரையாண்டிலேயே களைத்துப் போவதை நான் கண்ணால் கண்டேன்.

இனி யார் தெரிவு செய்கிறார்கள் என்பதற்கு வருவோம். எரஸ்மஸ் முண்டுஸில் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது, தெரிவு அந்தந்தப் பல்கலைக்கழகக் கூட்டினுடையது. இடையில் தூதரகம் இல்லை, அமைச்சு இல்லை, யாரும் உங்கள் பெயரை முன்மொழியத் தேவையில்லை. படிப்பின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கிறீர்கள். பெரும்பாலான படிப்புகள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் எடுக்கும். அடுத்த ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் படிப்புத் தொடங்கும். முன்பு ஆண்டுக்கு மூன்று படிப்புகளுக்குத்தான் போடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் பத்துக்குப் போடாதீர்கள். மூன்றோ நான்கோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உந்துதல் கடிதத்தைப் புதிதாக எழுதுங்கள். ஒரே கடிதத்தில் படிப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் வாசிப்பவருக்கு இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. நம்மவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒரு படிப்பின் புலமைப்பரிசில்களில் ஒரே நாட்டவருக்குப் பத்து வீதத்துக்கு மேல் போகக் கூடாது. சில பிரதேசங்களுக்கென்று மேலதிகமாக ஒதுக்கும் இடங்கள் மட்டும் இதில் சேராது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து விண்ணப்பங்கள் குவியும். அவர்கள் தங்களுக்குள்ளேயே அந்தப் பத்து வீதத்துக்காகப் போட்டி போட வேண்டும். இலங்கையிலிருந்து போடுபவர்கள் குறைவு. அதனால் "உலகம் முழுக்கப் போட்டி, நமக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று ஒதுங்குவது தவறு. உங்களோடு நேரடியாக மோதுபவர்கள் நீங்கள் நினைப்பதை விடக் குறைவானவர்கள்.

ஒரு நாட்டு அரசாங்கம் தரும் புலமைப்பரிசில்களின் கதை வேறு. பிரித்தானியாவின் செவனிங்கை எடுத்தால், விண்ணப்பம் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும். மூன்று படிப்புகளைக் காட்டலாம், ஆனால் எல்லாம் பிரித்தானியாவில்தான். நேர்முகத்தைக் கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயம் வைக்கும். அவர்கள் தேடுவது நல்ல மாணவரை மட்டும் அல்ல, நாளைக்கு இந்த நாட்டில் முன்னணிக்கு வரக்கூடிய ஆளை. குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருட முழுநேர வேலை. எட்டு மாதம் வேலை செய்த தங்கச்சிக்கு இது இந்த ஆண்டு இல்லை. அவள் கொப்பியில் முதல் வரியில் இருந்தது இதுதான்.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959இல் வந்த திட்டம், பணம் பிரித்தானிய அரசாங்கத்தினுடையது. முதுமாணிக்கு இரண்டாம் வகுப்பு மேல்நிலையாவது எதிர்பார்ப்பார்கள். இணையத்தில் விண்ணப்பம் போடுவதோடு முடியாது, முன்மொழியும் அமைப்பு ஒன்றின் ஊடாகவும் போக வேண்டும். இரண்டு கதவு, இரண்டு முடிவுத் திகதி. உள்ளூர்க் கதவு முதலில் மூடிவிடக்கூடும் என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள். வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளையும், ஊருக்கு உதவும் படிப்பையும் இவர்கள் மனதார வரவேற்கிறார்கள். அதனால் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் தயங்காமல் இதற்குப் போடலாம்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டி.ஏ.ஏ.டி., வளரும் நாட்டவர்களுக்காக நடத்தும் ஈபோஸ் புலமைப்பரிசில் திட்டத்தை அரச திணைக்களங்களில் வேலை செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட அனுபவம் வேண்டும், பட்டம் எடுத்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நீர்வளம், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், விவசாயம் என்று நம் நாட்டுக்குத் தேவையான துறைகள் அதில் நிறைய.

இந்தியாவின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கானது. காலி வீதியிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும், தெரிவில் நமது கல்வி அமைச்சும் சேரும். கூட்டுப் பட்டம் இதில் கிடையாது. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்து, வீட்டில் நோயாளி அம்மா அப்பாவும் இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஏதும் அவசரம் என்றால் அன்றைக்கே வந்து சேரலாம்.

சரி, இப்போது பணம். எரஸ்மஸ் முண்டுஸ் மாதம் 1,400 யூரோ, 24 மாதத்துக்கு 33,600 யூரோ. கல்விக் கட்டணம் இல்லை, காப்புறுதியும் அவர்களுடையது. டி.ஏ.ஏ.டி. மாதம் 992 யூரோ. கொப்பியில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தீர்ப்பு முடிந்த மாதிரித் தெரியும். ஆனால் டி.ஏ.ஏ.டி. பயணச் செலவுக்குத் தனியாகத் தரும். எரஸ்மஸில் விமான டிக்கெட், விசா, ஊர் மாறும் செலவு எல்லாம் அந்த 1,400க்குள்தான். மூன்று ஊர் என்றால் மூன்று தரம் வீட்டு முற்பணம், மூன்று தரம் பெட்டி கட்டல், மூன்று தரம் பதிவு அலுவலகம். ஒரு ஊரில் கட்டிய முற்பணம் திரும்பி வருவதற்குள் அடுத்த ஊரில் கட்ட வேண்டிவரும். ஒரே ஊரில் மாணவர் விடுதியில் இருந்து 992இல் நிம்மதியாக வாழ்ந்தவர்களையும் எனக்குத் தெரியும், 1,400இல் மாதக் கடைசியில் திண்டாடியவர்களையும் தெரியும்.

இன்னும் முக்கியமானது முதல் மாதம். அங்கே போய், வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் எனக்கு முதல் தொகை வந்தது. நான் போன ஆண்டு இங்கே எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தெரிவுக் கடிதம் வந்த நாளில் பார்த்த டிக்கெட் விலையும் வாங்கப் போன நாளில் இருந்த விலையும் வேறு வேறு. அம்மாவின் இரண்டு காப்புதான் என்னை அனுப்பியது. முழு உதவி என்று கடிதத்தில் இருந்தாலும், டிக்கெட்டுக்கும் ஆறு வாரச் செலவுக்கும் கையில் காசு வேண்டும். அதை விண்ணப்பிக்கும் மாதத்திலேயே சேர்க்கத் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: "உமக்கு அனுமதி உண்டு, புலமைப்பரிசில் இல்லை" என்றும் கடிதம் வரும். சொந்தச் செலவில் வரலாம் என்று அர்த்தம். சந்தோஷத்தில் ஆம் போட்டுவிடாதீர்கள். புலமைப்பரிசில் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது இடம் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் பதில் தருவார்கள்.

படித்து முடிந்த பிறகு என்ன என்பதில்தான் இந்த வழிகள் உண்மையாகப் பிரிகின்றன. செவனிங் எடுத்தால் முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். பொதுநலவாயமும் திரும்பச் சொல்லும். எரஸ்மஸ் முண்டுஸில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. அதோடு, படிப்பு முடித்தவர் வேலை தேடக் குறைந்தது ஒன்பது மாதம் தங்க அனுமதிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒன்று இருக்கிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் அதில் இல்லை. கடனோடு இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஒன்பது மாதம் 400 யூரோ வித்தியாசத்தை விடப் பெரிது.

ஆனால் அரச வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் பாதிதான். சம்பளத்தோடு படிப்பு விடுமுறை எடுத்தால் திணைக்களமோ பல்கலைக்கழகமோ உங்களிடம் பிணைமுறி எழுதி வாங்கும். திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும், பிணை நின்றவரும் பொறுப்பு. ஐரோப்பா உங்களைக் கட்டாது, ஆனால் உங்கள் சொந்த அலுவலகம் கட்டும். அதனால் அரச ஊழியருக்கு ஒரு வருடப் படிப்பா இரண்டு வருடப் படிப்பா என்பது பெரிய கேள்வி. ஒரு வருடப் பிரித்தானிய முதுமாணிக்கு விடுமுறை எடுப்பது, இரண்டு வருடம் மூன்று நாடு சுற்றும் கூட்டுப் பட்டத்துக்கு எடுப்பதை விட எளிது. உங்கள் அலுவலகத்து எழுதுவினைஞரிடம் பிணைமுறியின் மாதிரியை வாங்கி, வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து வாசியுங்கள். பிணை நிற்கப் போவது மாமாவோ சித்தப்பாவோதான்.

பத்திரத்தின் கதை கொழும்பு வோர்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் முடிகிறது. வெளிநாட்டுப் பட்டத்தோடு இங்கே அரச வேலைக்கோ பல்கலைக்கழக வேலைக்கோ போனால், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று அந்த ஆணைக்குழுவின் கடிதம் கேட்பார்கள். ஒரே பல்கலைக்கழகத்துப் பட்டம் என்றால் ஒரு பெயரைச் சரிபார்த்தால் போதும். கூட்டுப் பட்டத்தில் ஒரே பத்திரத்தில் மூன்று இலச்சினை, மூன்று கையெழுத்து. அதனால் போவதற்கு முன்பே மூன்று பல்கலைக்கழகங்களும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பட்டத்தோடு வரும் இணைப்புப் பத்திரத்தைத் தொலைக்காமல் வைத்திருங்கள். எந்த நாட்டில் எந்தப் பாடம் படித்தீர்கள், அந்தப் பட்டம் அந்நாட்டில் என்ன தரம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நான் திரும்பி வந்தபோது எல்லாக் கேள்விக்கும் பதிலாக அந்த இணைப்பைத்தான் மேசையில் வைத்தேன்.

கொழும்பில் தனியார் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் "இரண்டு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே" வகையைப் பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அது பெரும்பாலும் இளமாணிப் படிப்பு. கிடைப்பது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம், நான் மேலே சொன்ன கூட்டுப் பட்டம் அல்ல. உயர்தரம் முடித்தவர்களுக்கு 2017இலிருந்து அரசாங்கம் தரும் வட்டியில்லாக் கடனும் இங்கே அரசு அங்கீகரித்த உள்நாட்டுப் பட்டங்களுக்கானது. அதை நம்பி இதில் சேர முடியாது. பெற்றோர் காணி விற்றுக் கட்டுவதாக இருந்தால், அதே பிள்ளை இங்கே இளமாணியை முடித்துவிட்டு முதுமாணிக்குப் புலமைப்பரிசிலில் போவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த வழி என்று முடிவெடுத்தாலும் எல்லாவற்றையும் தடுப்பது கடதாசிதான். 2021இல் நான் பிரித்தானியாவைக் கோட்டை விட்டது திறமைக் குறைவால் அல்ல. நான் படித்த இடத்தின் ஒரு கிளை பெறுபேற்றுப் பத்திரத்தைத் தர ஏழு வாரம் எடுத்தது. முடிவுத் திகதி ஐந்தாவது வாரத்தில் போய்விட்டது. கடைசியில் உறை கையில் வந்தபோது, ஒட்டிய வாயின் மேல் ஊதா நிற முத்திரை இன்னும் காயாமல் விரலில் பட்டது. அந்த உறையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். அடுத்த வருடம் ஜூலையிலேயே மூன்று பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அதே பத்திரம்தான் ஜனவரியில் எரஸ்மஸுக்கு உதவியது.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள தலையிடி இது. என் பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது, சான்றிதழில் 'டி' மட்டும் இருக்கும் இடத்தில் கடவுச்சீட்டில் 'டி, எச்' என்று இரண்டு எழுத்து. ஆங்கில மொழித் தகைமைப் பரீட்சைப் பெறுபேற்றில் மூன்றாவது விதமாக வந்திருந்தது. விண்ணப்பப் படிவத்துக்கு இந்த மூன்றும் மூன்று ஆட்கள். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி செய்து, அதையும் விண்ணப்பத்தோடு ஏற்றினேன். நீங்கள் எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் நிரப்புங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதும் கடவுச்சீட்டின் பிரதியைக் கூடவே கொடுங்கள், அதே எழுத்துக்கூட்டல் வரட்டும். சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால் பத்தரமுல்லை சுஹுருபாயவுக்குப் போக வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் கொன்சியூலர் அலுவலகம் உண்டு.

விசாவில் கூட்டுப் பட்டக்காரருக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் நாடு எதுவோ அந்த நாட்டு விசாதான் முதலில். ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் கொழும்பிலேயே தூதரகம் உண்டு. போர்த்துக்கலுக்கு இங்கே தூதரகம் இல்லை, புதுடெல்லித் தூதரகமே இலங்கைக்கும் பொறுப்பு. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தை மூடிவிட்டது. அதனால் படிப்பைத் தெரியும்போது முதல் அரையாண்டு எந்த ஊரில் என்பதையும் பாருங்கள். டெல்லி வழி என்றால் இரண்டு மாதம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஒரு நாட்டுப் புலமைப்பரிசிலில் ஒரே தூதரகம், ஒரே விசா. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

நேர்முகம் பற்றி ஒரே ஒரு விஷயம். எனக்கு 2022 மார்ச்சில் வந்தது, மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். இடங்களை ஆங்கில எழுத்துப்படி குழுக்களாகப் பிரித்து மின்சாரத்தை வெட்டினார்கள். எங்கள் வீடு ஒரு குழு, தெகிவளையில் மாமி வீடு வேறு குழு. எங்களுக்கு இருட்டு என்றால் அவர்களுக்கு வெளிச்சம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், சுவாமி அறைக்குப் பக்கத்து மேசையில் இருந்து பேசினேன். ஏன் மூன்று நாடு தேவை, ஒரு நாடு போதாதா என்று கேட்டார்கள். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊரில் எந்தப் பாடம் அந்தப் பிரச்சினைக்கு உதவும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கூட்டுப் பட்ட நேர்முகத்தில் இந்தக் கேள்வி வராமல் போகாது. அதற்கு உங்களிடம் உண்மையான பதில் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு நாட்டுப் படிப்பே பொருத்தம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

தங்கச்சியின் கணக்கு இப்படி வந்தது. எட்டு மாத அனுபவம், அதனால் செவனிங்கும் ஈபோஸும் இந்த முறை இல்லை. தனியார் வேலை, அதனால் பிணைமுறி இல்லை. வீட்டில் கடன் உண்டு, அதனால் திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாதது நல்லது. மூன்று ஊரும் அவளுடைய கேள்விக்குத் தேவை. எரஸ்மஸ் முண்டுஸில் மூன்று படிப்பு முதலில், வகுப்புத் தகுதி இருப்பதால் பொதுநலவாயம் கூடவே. இரண்டு வருட அனுபவம் சேர்ந்ததும் ஈபோஸ் அவளுக்காகக் காத்திருக்கும். இதே கணக்கை ஒரு திணைக்களப் பொறியியலாளர் போட்டிருந்தால் வரிசை தலைகீழாக வந்திருக்கும். ஈபோஸும் பொதுநலவாயமும்தான் அவருக்கு முதலில்.

போகும்போது கொப்பியின் பின்பக்கத்தில் அவள் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டாள்: திங்கள் காலை, பெறுபேற்றுப் பத்திரம், மூன்று பிரதி.